‘பார்த்துத்தானே வாங்கினீங்க?’ என்று விற்றவர் கேட்டால்

கேள்வி: நான் திண்டுக்கல்லில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் படிக்கிறாள். அவளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து, ஆன்லைன் விளம்பரம் பார்த்து, மதுரையில் ஒருவரிடம் பழைய லேப்டாப் வாங்கினோம். ‘ஒன்றரை வருடம்தான் ஆகிறது, ஒரு ரிப்பேரும் வந்ததில்லை, பேட்டரி நாலு மணி நேரம் நிற்கும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, நானும் மகளும் தம்பியும் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓடியது. விலை 32,000 ரூபாய். 30,000 யுபிஐ-யில் அனுப்பினேன், 2,000 கையில் கொடுத்தேன். கிளம்பும்போது பழைய பில்லின் ஜெராக்ஸைப் பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

பதினோராம் நாள் லேப்டாப் ஆன் ஆகவில்லை. இங்கே சர்வீஸ் கடையில் திறந்து பார்த்து, ‘போர்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஒரு ஐசி-யை, அதாவது சின்னச் சிப்பை, முன்பே யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்’ என்று காட்டினார்கள். போர்டு மாற்ற 14,000 ஆகுமாம். விற்றவருக்குப் போன் செய்தால், ‘பார்த்துத்தானே வாங்கினீங்க? உங்க பொண்ணுதான் தண்ணி கொட்டியிருக்கும்’ என்று சொல்லிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். விளம்பரத்தையும் எடுத்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட் மகளிடம் இருக்கிறது. அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா, போலீஸுக்குப் போகலாமா? அவர் போட்டோவையும் நம்பரையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. கையில் கொடுத்த 2,000 ரூபாய்க்கு ஆதாரமே இல்லை, அதைக் கேட்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளிடம் போய்ச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் பேசும் ஆதாரம் அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது என்று. நீங்கள் அனுப்பிய போர்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடமும் காட்டினேன். படிந்திருக்கும் துருவை வைத்து மட்டும் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஈரம் பட்ட போர்டு சில நாட்களிலேயே துருப்பிடிக்கலாம், மாதக்கணக்கில் இருந்தும் பிடித்திருக்கலாம். அதனால் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினால் ‘நீ கொட்டினாய்’, ‘இல்லை நீ கொட்டினாய்’ என்று வழக்கு சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மாற்றப்பட்ட ஐசி. அதைச் சுற்றிக் கையால் சால்டர் செய்த தடமும், சால்டர் செய்யும்போது தடவும் ஃபிளக்ஸைத் துடைக்காமல் விட்ட கறையும் தெரிகின்றன. வாங்கிய பதினோரு நாளில் நீங்கள் எந்தக் கடையிலும் அதைத் திறக்கவில்லை. அப்படியென்றால் அந்த வேலை உங்களிடம் வருவதற்கு முன்பே நடந்தது. விளம்பரமோ ‘ஒரு ரிப்பேரும் வந்ததில்லை’ என்கிறது. இந்த ஒரு வாக்கியத்தையும் அந்த ஒரு ஐசி-யையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தனிநபரிடம் பழைய பொருள் வாங்கும்போது பொருளின் தரத்துக்குச் சட்டம் பெரிதாகக் காவல் நிற்பதில்லை. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தரத்துக்கோ தகுதிக்கோ விற்பவரின் உத்தரவாதம் தானாக வந்துவிடாது என்றுதான் தொடங்குகிறது. அதற்கு விலக்குகள் உண்டு. ஆனால் முக்கியமான இரண்டு விலக்குகளும் அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களைப் பற்றியவை. வீட்டில் இருந்த லேப்டாப்பை ஒரு தடவை விற்பவர் அதற்குள் வரமாட்டார். ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்று அவர் சொல்வதற்குச் சட்டத்தில் இந்த அளவுக்கு இடம் இருக்கிறது. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பது சரியில்லை.

ஆனால் அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவு தொழிலாக விற்பவர், வீட்டுப் பொருளை விற்பவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு பொருளை இன்னின்ன மாதிரியானது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்கவில்லை, சொன்னபடி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அவர் விளம்பரத்தில் எதுவுமே எழுதாமல், ‘இருக்கிற நிலையில் விற்பனை’ என்று மட்டும் போட்டிருந்தால் உங்களுக்கு நான் இப்படி நீளமாகப் பதில் எழுத வேண்டியிருந்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ள 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. லேப்டாப் சண்டைக்குக்கூட இன்றுவரை அதைத்தான் எடுத்துப் பேசுகிறோம். ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோய் இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில் வாங்குபவர் விற்பவருடைய மகள், அப்போதுதான் சட்டப்படி மேஜர் ஆனவள். அங்கே சொல்ல வேண்டிய கடமை தகப்பனுக்கு உண்டு. மூன்றாவது உதாரணம்தான் எனக்குப் பிடித்தது. வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்’ என்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நீங்களும் டீக்கடையில் அதைத்தான் செய்தீர்கள். லேப்டாப்பை ஆன் செய்து, கீபோர்டு தட்டி, வீடியோ ஓட்டிப் பார்த்தீர்கள். மூடியைக் கழற்றி போர்டைப் பார்க்க டீக்கடையில் யாராலும் முடியாது, யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. உங்களைத் திட்டும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்கள். நீங்கள் கவனக்குறைவாக வாங்கவில்லை.

உங்கள் விஷயத்தில் விற்றவர் மௌனமாகவும் இல்லை. வாய் திறந்து, எழுத்தில், ‘ரிப்பேர் வந்ததில்லை’ என்றார். அந்தப் பேச்சை நம்பி நீங்கள் கொடுத்த சம்மதத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதாவது விற்பனையையே ரத்து செய்து, லேப்டாப்பைக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கே பழைய ரிப்பேர் தெரியாமல் இருந்திருக்கலாம். வீட்டில் வேறு யாராவது கடையில் கொடுத்து ரிப்பேர் செய்து வாங்கியிருக்கலாம். அப்படி இருந்தாலும் 18-ஆம் பிரிவு இருக்கிறது. உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லாத ஒன்றை உறுதியாகச் சொன்னால், தானே அதை நம்பிச் சொன்னாலும் அது தவறான கூற்றுதான், அதை வைத்தும் ரத்து செய்யலாம். ஆகவே சிவில் வழியில் போகும்போது அவர் பொய்யர் என்று நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுக்கு இல்லை. சொன்னது சரியில்லை என்று காட்டினால் போதும்.

இப்போது அந்தப் பழைய பில்லுக்கு வருகிறேன். அதன் ஜெராக்ஸை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், தேதியை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பில் தேதியிலிருந்து நீங்கள் வாங்கிய நாள்வரை எண்ணினால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருடம் வருகிறது. விளம்பரத்தில் ஒன்றரை. வயதும் விவரத்தில் ஒரு பகுதிதான், ஆகவே இதுவும் உங்கள் பக்கம். ஆனால் இதையே தலைமைக் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். அதே 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், வெறும் தவறான கூற்றை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. வேண்டுமென்றே பேசிய பொய்க்கு இந்த விலக்கு உதவாது. ஆனாலும் ‘பில்லைக் கையில் கொடுத்தேனே, படித்திருக்கலாமே’ என்று அவர் சொல்ல ஒரு வழி கிடைத்துவிடும். பணம் வாங்கிய பிறகுதான் பைக்குள் வைத்தார் என்பது உங்கள் பதில். நல்ல பதில்தான், ஆனாலும் அது ஒரு வாக்குவாதம். ஐசி விஷயத்தில் அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. பில்லால் கிடைத்த பெரிய லாபம் வேறு: அதில் அவருடைய பெயரும் வீட்டு விலாசமும் இருக்கின்றன. இந்த மாதிரி வழக்குகளில் பாதிப்பேர் நிற்பதே விலாசம் இல்லாமல்தான். கையில் போன் நம்பரும் ஒரு புரொஃபைல் படமும் மட்டும் இருக்கும், நோட்டீஸ் அனுப்ப இடம் இருக்காது.

நுகர்வோர் கோர்ட், அதாவது நுகர்வோர் ஆணையம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடமோ சேவை தருபவரிடமோ ஏமாந்தவர்களுக்காக வந்தது. அதன்கீழ் 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: தொழிலாகவோ வழக்கமாகவோ இல்லாமல், ஒரு தனிநபர் சொந்த அளவில் செய்யும் காரியத்துக்கு இந்த விதிகள் பொருந்தாது. விற்றவர் உண்மையிலேயே தன் சொந்த லேப்டாப்பை விற்றவர் என்றால், ஆணையத்தில் முதல் கேள்வியிலேயே உங்கள் மனு திணறும்.

அந்த ‘என்றால்’ என்பதை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். வீட்டு உபயோகம் என்று போட்டுவிட்டு மாதம் பத்து லேப்டாப் விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்று இரவே உங்கள் மகளை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். அதே நம்பரில், அதே புரொஃபைலில் வேறு விளம்பரங்கள் இருக்கின்றனவா, அதே மேஜை, அதே சுவர் பின்னணியில் வேறு மாடல்கள் படமெடுக்கப்பட்டிருக்கின்றனவா, யுபிஐ-யில் பணம் போன பெயர் கடைப் பெயரா என்று பார்க்கட்டும். பில்லில் இருக்கும் பெயரும் பணம் வாங்கிய பெயரும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். நாலைந்து விளம்பரம் கிடைத்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் வியாபாரி என்று காட்ட முடிந்தால் நிலைமையே மாறிவிடும். நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருட அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

விளம்பரம் வந்த தளத்தை இதில் பெரிதாக இழுக்க முடியாது. மற்றவர்கள் போடும் விளம்பரத்துக்கு இடம் மட்டும் கொடுக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு நிபந்தனைகளோடு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு உடனே ஒரு மெயில் அனுப்புங்கள். விளம்பரத்தின் லிங்க் அல்லது எண், தேதி, விற்றவரின் புரொஃபைல் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த விளம்பரத்தையும் அவருடைய பதிவு விவரங்களையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2021-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி உங்கள் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், விதிகள் சொல்லும் நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் கணக்கையே மூடிவிட்டாலும் அவருடைய பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அவர் விளம்பரத்தை எடுத்துவிட்டார் என்பதால் இதில் தாமதம் செய்ய வேண்டாம்.

போலீஸ் விஷயத்தில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஏமாற்றுக் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வருகிறது. ஏமாற்றிப் பொருளோ பணமோ பறித்தால் ஏழு வருடம்வரை தண்டனை உண்டு. ஆனால் பணம் வாங்கும் அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பேச்சுத் தவறியது மட்டுமே குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் அது எதில் நிற்கிறது தெரியுமா? பழைய ரிப்பேர் அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதில். இப்போது உங்களிடம் அதற்கு நேரடி ஆதாரம் இல்லை. ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்மா’ என்று சொல்லி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். அந்த லேப்டாப்பின் சீரியல் நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், அதன்மேல் பழைய சர்வீஸ் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் பெயரிலேயே ‘தண்ணீர் பட்டது’ என்று ஒரு பதிவு இருந்து, அது உங்கள் கைக்கும் கிடைத்தால், அப்போது தைரியமாகப் புகார் கொடுங்கள். பணம் போனதும் ஆளே காணாமல் போகிற, பொருளே வராத ஆன்லைன் மோசடி வேறு வகை. அதற்குத்தான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யச் சொல்கிறோம். உங்களுக்குப் பொருள் வந்திருக்கிறது, ஆளும் தெரியும். அந்த வழி உங்களுக்கு அவ்வளவு பயன்படாது.

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஃபேஸ்புக் பதிவு வேண்டாம். நீங்கள் இப்போது கேட்கிற இடத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பதிவு வந்த அடுத்த நிமிடம் அவரும் கேட்கிற இடத்துக்கு வந்துவிடுவார். அவதூறு என்று எதிர்நோட்டீஸ் விடுவார். உண்மைதானே என்று நீங்கள் சொன்னாலும், அது பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டியிருக்கும். ‘பணம் தராவிட்டால் போட்டோவைப் போடுவேன்’ என்று மெசேஜ் அனுப்புவது அதைவிட மோசம். ஒருவருடைய பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்துவதே மிரட்டல் குற்றத்துக்குள் வரலாம். வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டுத் திட்டவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு போன் வழக்கில் நியாயம் முழுக்க வாங்கியவர் பக்கம்தான் இருந்தது. அவர் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய நாலு வாய்ஸ் மெசேஜை எதிர்த்தரப்பு போட்டுக் காட்டியதும், பேச்சு பணத்தை விட்டு அந்த மெசேஜ்களுக்குப் போய்விட்டது. கடைசியில் கிடைக்க வேண்டியதில் பாதிதான் கிடைத்தது. எனக்கு அது இன்னும் மனதை உறுத்துகிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. லேப்டாப்பைக் கடையில் விட்டு வைக்காதீர்கள். திறந்து பார்த்த மெக்கானிக்கிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்தத் தேதியில் கொண்டுவந்தீர்கள், சீரியல் நம்பர் என்ன, போர்டில் எந்த இடத்தில் முன்பே வேலை நடந்த தடம் இருக்கிறது, எதனால் அது பழைய வேலை என்று சொல்கிறார், மாற்ற எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் கடை முத்திரையோடு இருக்கட்டும். போர்டின் படங்களையும் சீரியல் நம்பர் தெரியும்படி எடுத்து வையுங்கள். பிறகு லேப்டாப்பை வாங்கி வந்து வீட்டில் வைத்துவிடுங்கள். ரிப்பேர் செய்ய வேண்டாம். ரத்து செய்கிறேன் என்பவர் பொருளை இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். போர்டை மாற்றிவிட்டால் உங்கள் முக்கியமான சாட்சியும் போய்விடும். மகளின் போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்கக் கூடாது. அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வழக்கு என்று வந்தால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது மூலப் பதிவு இருக்கும் போன் வேண்டும்.

அப்புறம் நோட்டீஸ். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தில், பில்லில் இருக்கும் விலாசத்துக்கு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

‘நீங்கள் விளம்பரம் செய்த லேப்டாப்பை, அதில் ஒரு ரிப்பேரும் வந்ததில்லை என்று நீங்கள் எழுதியதை நம்பி, இந்தத் தேதியில் 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் போர்டில் முன்பே வேலை நடந்திருப்பது இந்தத் தேதியில் தெரியவந்தது. பில்லின்படி அதன் வயதும் நீங்கள் சொன்னது அல்ல. ஆகவே இந்த விற்பனையை ரத்து செய்கிறேன். லேப்டாப் அதே நிலையில் என்னிடம் இருக்கிறது. நீங்களோ நீங்கள் அழைத்து வரும் மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் 32,000 ரூபாயைத் திருப்பித் தந்து லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.’

இதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் ஏமாற்றுக்காரர் என்றோ, பிள்ளையின் படிப்பைக் கெடுத்தார் என்றோ எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். ‘உங்கள் மெக்கானிக்கோடு வந்து பார்க்கலாம்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்புக்குப் பார்க்க வாய்ப்பு கொடுத்தீர்கள் என்பது பிறகு உங்களுக்குப் பெரிய துணை. நேர்மையானவராக இருந்தால் அவருக்கும் அது ஒரு வழி திறந்துவிடும்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், நேரே வழக்குப் போடாமல், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். கோர்ட் வளாகங்களிலேயே அதன் அலுவலகம் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி, ஆதாரங்களின் நகலை இணைத்துக் கொடுத்தால், வழக்கு போடுவதற்கு முந்தைய சமரசத்துக்கு அவருக்கு அழைப்பு போகும். கட்டணம் இல்லை. பேரம் நடந்ததும் அவர் வீடு இருப்பதும் மதுரையில் என்பதால் மனு மதுரையில் இருப்பதுதான் முறை. ஆனால் முதலில் திண்டுக்கல் அலுவலகத்தில் கேளுங்கள், எங்கே எப்படிக் கொடுப்பது என்று வழிகாட்டுவார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம். சமரசம் ஆகி லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், கையெழுத்தானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அவர் பிறகு பணம் தராவிட்டால் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனுப் போடலாம். வராமலே இருந்துவிட்டால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. அப்போது மிஞ்சுவது சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்களுக்கு 960 ரூபாய் வரும். பெண் என்பதால் உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கேட்க 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வழக்குப் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது, ஆனால் ரத்து செய்கிறேன் என்பவர் தாமதிக்கக் கூடாது.

சமரச மேஜையில் முழுப் பணத்தையும் கேட்டுத் தொடங்குங்கள். அவர் போர்டு மாற்றும் 14,000 ரூபாயைத் தருகிறேன் என்று இறங்கி வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன். போர்டை மாற்றினால் லேப்டாப் உயிர் பிழைக்கும், பிள்ளை செமஸ்டருக்குள் உட்கார்ந்து படிக்க முடியும். ஒரு வருடம் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ்ஸில் அலைந்து கடையை மூடி வைக்கும் நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே போக வேண்டாம். ‘ஐயாயிரம் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பணம் திரும்பி வந்து மறுபடியும் பழையதே வாங்குவதாக இருந்தால், அந்த மூன்றாவது குதிரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன்னால் விற்பவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: ‘இதில் தண்ணீர் பட்டதில்லை, போர்டில் வேலை எதுவும் செய்ததில்லை, வாங்கி இத்தனை வருடம் ஆகிறது என்று எடுத்துக்கொண்டு வாங்குகிறோம். மாற்று இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.’ குறை இருப்பது தெரிந்தவர் அந்த இடத்திலேயே பின்வாங்க வாய்ப்பு அதிகம். ஆமாம் என்றாலும், படித்துவிட்டுப் பேசாமல் பணம் வாங்கினாலும், அது உங்களுக்கு ஆதாரம். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை உங்கள் மகள் அங்கேயே எடுத்துப் பார்க்கலாம். புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் அதில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால் ஒன்றரை வருடக் கதையை நம்ப வேண்டாம்.

கடைசியாக அந்த 2,000 ரூபாய். ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பக்கங்களில் இரண்டாவதைப் பாருங்கள். ‘சரிங்க, 32-க்கு முடிச்சுக்கலாம், காலையில் வாங்க’ என்று அவரே எழுதியிருக்கிறார். மறுநாள் 30,000 வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்திருக்கிறார், மீதி வரவில்லை என்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸில் 32,000 என்றே எழுதுங்கள். பணம் கொடுத்தபோது தம்பி பக்கத்தில் இருந்தார் அல்லவா, அவர் பெயரைச் சாட்சியாகக் குறித்து வையுங்கள்.